உஹதுக்குப் பின்னும் ஆலோசனை

மூவர் பயணம் புறப்பட்டாலும் தம்முள் ஒருவரைத் தலைவராக ஆக்கிக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருக்கிறார்கள். இல்லத்துக்குக் குடும்பத் தலைவர், கடைக்கு முதலாளி, பள்ளிவாசலுக்கு முத்தவல்லி என்று நம்மில் பலரும் ஏதேனும் ஒரு வகையில் சிலருக்குத் தலைமை ஏற்றே வாழ்கிறோம். ஒருவருடைய ஆணைக்குப் பிறரைப் பணிய வைப்பது எளிது; அவர்களுடைய நம்பிக்கையைப் பெறுவது அரிது. அந்த நம்பிக்கை வெற்றி நாளில் சோதிக்கப்படுவதில்லை. காரியம் கெட்டுப்போன நாளில்தான் சோதிக்கப்படுகிறது. இவ்வுண்மையை விளக்க ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டில் (கி.பி. 625) நிகழ்ந்த உஹதுப் போரை விடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

தோழர்களின் கருத்து

மக்கத்துக் குறைஷியர் ஏறத்தாழ 3,000 பேர் கொண்ட படையுடன் மதீனாவை நோக்கி வந்தனர். நகருக்குள் இருந்தவாறே எதிர்த்து நிற்பது நலம் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் எண்ணம். பத்ருப் போரில் பங்குபெறும் வாய்ப்பை இழந்திருந்த இளைஞர் பலர், வெளியே சென்று எதிரியைச் சந்திக்க வேண்டுமென ஆர்வத்துடன் வற்புறுத்தினர். அண்ணலார் தம் எண்ணத்தை ஒதுக்கி, அவர்கள் கருத்தை ஏற்றார்கள். பின்னர், தாங்கள் அளவுக்கு மீறி வற்புறுத்திவிட்டோமோ என்று அத்தோழர்கள் கலங்கினர். தங்கள் விருப்பப்படியே செய்யலாம் என்று அண்ணலாரிடம் கூறினர். போர்க் கவசத்தை அணிந்த நபி, அல்லாஹ் தீர்ப்பளிக்கும் வரை அதனைக் களைவது தகாது என்று அண்ணலார் விடையளித்தார்கள். கலந்து பேசும் வரை கருத்துகள் பலவாக இருக்கலாம். முடிவு செய்தபின் தலைவருக்கு ஊசலாட்டம் கூடாது.

அன்று நேர்ந்தது நாம் அறிந்ததே. மலைக் கணவாயைக் காக்குமாறு நிறுத்தப்பட்ட 50 வில்லாளரில் பெரும்பாலோர், எதிரிகள் சிதறுவதைக் கண்டு போர் முடிந்ததென எண்ணி இடத்தை விட்டு இறங்கினர். அவ்வழியே எதிரியின் குதிரைப் படை பாய்ந்தது. ஹம்ஸா (ரலி) அவர்கள் உட்பட ஏறத்தாழ 70 தோழர்கள் ஷஹீதாயினர். அண்ணலாரின் திருமுகத்தில் காயம் உண்டாயிற்று, பல்லும் உடைந்தது.

மன்னிப்பும் மஷூராவும்

மனித இயல்பு இவ்விடத்தில் என்ன கூறும்? "நான் அன்றே சொன்னேனே" என்று கூறும். "இனி இவர்களைக் கலந்து பயனில்லை" என்று முடிவு கட்டும். ஆனால் திருமறை காட்டிய வழி வேறு. ஆல இம்ரான் அத்தியாயத்தின் 159-ஆம் வசனம், அண்ணலாரின் மென்மை அல்லாஹ்வின் அருளால் வாய்த்தது என்றும், அவர்கள் கடின உள்ளத்தினராக இருந்திருப்பின் தோழர்கள் விலகிப் போயிருப்பர் என்றும் உணர்த்துகிறது. அதன்பின் தோழர்களை மன்னிக்குமாறும், அவர்களுக்காகப் பாவமன்னிப்புக் கோருமாறும், காரியங்களில் அவர்களுடன் ஆலோசிக்குமாறும் பணிக்கிறது.

சிந்தித்துப் பாருங்கள்! எவருடைய ஆலோசனையை ஏற்றதன் பின் இத்துணை இழப்பு நேர்ந்ததோ, அவர்களுடனேயே மீண்டும் ஆலோசிக்க வேண்டும் என்பது இறையாணை. குற்றம் மூடி மறைக்கப்பட்டதா? இல்லை. அதே அத்தியாயத்தின் 152-ஆம் வசனம், வில்லாளர் கட்டளைக்கு மாறு செய்ததை வெளிப்படையாகவே சுட்டுகிறது; அவர்களை அல்லாஹ் மன்னித்துவிட்டதையும் உடனே அறிவிக்கிறது. தவறு தவறென்றே உரைக்கப்பட்டது, தவறியவர் தள்ளப்படவில்லை.

அகழியில் கண்ட பயன்

இரண்டாண்டுகளுக்குப் பின், ஹிஜ்ரி 5-இல், ஏறத்தாழ 10,000 பேர் கொண்ட கூட்டுப்படை மதீனாவை முற்றுகையிட வந்தது. அப்போது அகழி தோண்டலாம் என்று யோசனை கூறியவர் பாரசீகத்தைச் சேர்ந்த ஸல்மான் (ரலி) அவர்கள். அடிமைத் தளையிலிருந்து விடுபட்டுச் சிறிது காலமே ஆனவர். அவ்வூரில் குலமோ சுற்றமோ இல்லாதவர். அத்தகையவரும் தயங்காமல் வாய் திறக்கக்கூடிய சபையாக அது இருந்தது. உஹதுக்குப் பின் ஆலோசனையின் கதவு அடைக்கப்பட்டிருந்தால், ஊரைக் காத்த அந்த யோசனை ஒருவர் நெஞ்சிலேயே தங்கிப் போயிருக்கும்.

யோசனையை ஏற்ற அண்ணலார் நிழலில் அமர்ந்து மேற்பார்வை செய்யவில்லை. திருமேனியில் புழுதி படிய மண் சுமந்தார்கள். எவராலும் உடைக்க இயலாத பாறை எதிர்ப்பட்டபோது, பசியால் வயிற்றில் கல்லைக் கட்டிய நிலையில் தாமே இறங்கி அதனை உடைத்தார்கள். அந்நிலையைக் கண்டு மனம் பொறாத ஜாபிர் (ரலி) அவர்கள், ஒரு ஸாஉ வாற்கோதுமையும் சிறிய ஆடொன்றும் சமைத்து, ஓரிருவருடன் வருமாறு அழைத்தார்கள். அண்ணலாரோ அகழியில் உழைத்தோர் அனைவரையும் அழைத்துச் சென்று, தம் கரத்தாலேயே ரொட்டியைப் பிட்டுப் பரிமாறினார்கள். அல்லாஹ்வின் பரக்கத்தால் அனைவரும் வயிறார உண்டனர்.

இளையவருக்கு மதிப்பு

அண்ணலாரின் மறைவுக்குப் பின், ஹிஜ்ரி 11-இல், கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்கள் அதே வழியில் நடந்தார்கள். இளைஞரான உஸாமா (ரலி) அவர்களின் படையை வழியனுப்புகையில், உஸாமா வாகனத்தின்மீது இருக்க, கலீஃபா அருகே நடந்து சென்றார்கள். உமர் (ரலி) அவர்களை மதீனாவில் தம்முடன் நிறுத்திக்கொள்ள விரும்பியபோது, அதற்கும் அந்த இளம் தளபதியிடமே அனுமதி கேட்டார்கள். பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்தபின், அதற்குரிய மதிப்பையும் பிறர் காண அளிப்பதே முறை.

கணக்கில் பிழை செய்த பணியாளனை வாடிக்கையாளர் முன்னிலையில் ஏசும் முதலாளி, அடுத்த பிழையை அவன் மறைப்பதற்குத் தாமே வழி வகுக்கிறார். ஒருமுறை தவறான யோசனை கூறிய இளைஞரைச் சபையில் நாணச் செய்யும் ஜமாஅத், மறுமுறை அவருடைய நல்ல யோசனையையும் இழக்கிறது. பத்தாண்டுகள் அண்ணலாருக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், ஒரு நாளேனும் "சீ" என்னும் சொல்லைத் தாம் கேட்டதில்லை எனக் கூறியிருக்கிறார்கள். நம் இல்லத்தில், நம் கடையில் நம்மிடம் பணிபுரிவோர் நம்மைப் பற்றி அவ்வாறு கூறுவரா என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பிழை பொறுக்கும் உள்ளத்தையும் பிறர் சொல் கேட்கும் பண்பையும் எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.