குழியை முன்னரே அறிந்தவர் யார்?

1788-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில், பழுதுபட்ட பாலம் ஒன்றினால் சரக்கு வண்டியொன்று சேதமுற்றது. ரஸ்ஸல் என்பவர் அம்மாவட்ட மக்கள் மீதே வழக்குத் தொடுத்தார். மக்களுக்குப் பொது நிதி ஏதுமில்லை; இதற்கு இடம் கொடுத்தால் வழக்குகள் பெருகிவிடும் என்று கூறி நீதிமன்றம் அதனைத் தள்ளியது. பொதுமக்கள் தொல்லைப்படுவதினும் தனியொருவர் நஷ்டமடைவதே மேல் என்பது நீதிபதி ஒருவரின் கருத்து. வண்டிக்காரர் வீட்டு அடுப்பை அவர் எண்ணிப் பார்த்தாரோ, அறியோம்!

சாலையைச் செப்பனிடாது வாளாவிருந்த அதிகாரிகளுக்குக் கிடைத்த இப்பாதுகாப்பை, 1961-ஆம் ஆண்டுச் சட்டமே நீக்கியது. இன்று நடப்பிலிருப்பது 1980-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம். அதன் 41-ஆம் பிரிவின்படி, உள்ளூர்ச் சாலைகளைப் பழுதின்றிப் பேணுவது உள்ளாட்சி மன்றத்தின் கடமை. ஆகவே குழியில் இறங்கிச் சக்கரம் வளைந்த காரின் உரிமையாளர் மன்றத்திடம் நஷ்ட ஈடு கேட்கலாம்.

கேட்டால் கிடைத்துவிடுமா? இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். 58-ஆம் பிரிவு மன்றத்திற்கு ஒரு கேடயத்தையும் அளித்துள்ளது. தேவையான கவனத்துடன் சாலையைப் பேணி வந்ததாக மெய்ப்பித்தால் மன்றம் தப்பிவிடும். இதனை முற்றும் அநீதி என்றும் நாம் சொல்வதற்கில்லை. நேற்று பார்வையிட்ட சாலையில் இன்று தோன்றிய குழியை, எவரும் சொல்லாதபோது மன்றம் எங்ஙனம் அறியும்?

இங்கிலாந்தில் கார் ஓட்டும் நம் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதும் பெற்றோர் இதனையும் எழுதலாம். வண்டிக்குச் சேதம் நேர்ந்தால், ஆபத்தில்லாத நேரம் பார்த்துக் குழியைப் படமெடுக்க வேண்டும். இடம், நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, பழுது பார்த்த ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். மன்றம் மறுத்துவிட்டால் மனந்தளர வேண்டாம். அச்சாலை கடைசியாக எப்போது பார்வையிடப்பட்டது, அக்குழியைப் பற்றி முன்னர் எவரேனும் முறையிட்டனரா என்று 2000-ஆம் ஆண்டின் தகவல் சட்டப்படி எழுதிக் கேட்கலாம். பொதுவாக 20 வேலை நாட்களுக்குள் பதில் வந்தாக வேண்டும்.

விபத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே முறையீடு ஒன்று பதிவாகியிருந்து, குழியோ மூடப்படாமலே கிடந்ததென்றால், மன்றம் தன் கேடயத்தைத் தூக்கிப் பிடிப்பது கடினம். அம்முறையீட்டை அனுப்பியவர், தம் வண்டிக்கு ஏதும் நேராமல் குழியைக் கடந்து சென்ற ஒருவராகவும் இருக்கலாம். வீடு திரும்பியதும் சற்று நேரம் ஒதுக்கி மன்றத்திற்குத் தெரிவித்திருப்பார். அவருக்கு இதில் ஒரு காசும் இல்லை. யாருக்கு உதவினோம் என்பதும் அவருக்குத் தெரியாது.