மெய்நிகர் மேசையில் ஓர் அங்குலம் எவ்வளவு?

ஒரு வெள்ளி நாணயங்கள் இரண்டை எடுத்து மேசைமீது வையுங்கள். இரண்டின் நடுப்புள்ளிகளும் 10 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். இப்போது நாணயங்களுக்கு இடையே உள்ள தூரம் எவ்வளவு?

10 சென்டிமீட்டர் என்று நீங்கள் சொல்லலாம். பக்கத்தில் இருப்பவர் விளிம்பிலிருந்து விளிம்புக்கு அளந்து ஏறக்குறைய 7.5 சென்டிமீட்டர் என்பார். புதிய ஒரு வெள்ளி நாணயத்தின் விட்டம் 24.65 மில்லிமீட்டர். இரு பக்கமும் அரை விட்டம் கழிந்துவிடுவதால்தான் இந்த வேறுபாடு. இரண்டு விடைகளும் சரியானவை. நீங்கள் இருவரும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்லியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இந்தச் சின்ன வேறுபாட்டால் என் மாணவன் ஒருவன் தன் மாமா மகனுடன் இரண்டு வாரம் பேசவில்லை. உயர்நிலை மூன்றில் படிக்கும் அவன் பாசிர் ரிசில் வசிக்கிறான். மாமா வீடு தீவின் மறுகோடியில் ஜூரோங் வெஸ்ட்டில். கொவிட் காலத்தில், 2020 ஏப்ரல் 7 முதல் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த நாள்களில், இருவரும் கணினியில் ஒரு போர் விளையாட்டைப் பழகிக்கொண்டார்கள். சனிக்கிழமை இரவு தவறாமல் ஆட்டம் நடக்கும். ஒருநாள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். “சார், அவன் ஏமாத்துறான். நீங்களே அளந்து பாருங்க.”

அது என்ன விளையாட்டு? விரலளவு வீரர் பொம்மைகளைப் பெரிய மேசையில் அணிவகுத்து ஆடுவது. சதுரங்கத்தைப் போலக் கட்டங்கள் கிடையாது. வீரன் எவ்வளவு தூரம் நகரலாம், அவன் அம்பு எவ்வளவு தூரம் பாயும் என்பதையெல்லாம் அங்குலக் கணக்கில் நாடாவால் அளக்க வேண்டும். புதிய பொழுதுபோக்கு என்று எண்ணிவிடாதீர்கள். 1824இல் பிரஷ்யப் படை அதிகாரிகள் 1:8000 அளவுடைய வரைபடங்களில் போர்ப் பயிற்சி ஆட்டம் ஆடினார்கள். வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்றால் நிலத்தில் 80 மீட்டர். அறிவியல் புனைகதை எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913இல் பொம்மை வீரர்களுக்கு விதிகள் வகுத்து ஒரு புத்தகமே எழுதினார். அதன்படி காலாட்படை வீரன் ஒரு முறைக்கு ஓரடி நகரலாம், குதிரை வீரன் இரண்டடி.

இப்போது அதே மேசையைக் கணினித் திரையிலும் விரிக்கலாம். இதைத்தான் மெய்நிகர் மேசை என்கிறார்கள். அங்கே நாடாவுக்குப் பதில் சுட்டியால் ஒரு கோடு இழுத்தால் தூரம் எண்ணாக வந்து நிற்கும். அந்த எண்ணில்தான் சிக்கல்.

என் மாணவனின் வழக்கைப் பார்ப்போம். பொம்மைகள் 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்ட அடித்தட்டுகளில் நிற்கின்றன. இரு தட்டுகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 250 மில்லிமீட்டர். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர் என்பதால் இது 9.84 அங்குலம். விளிம்புக்கு விளிம்பு அளந்தால் 218 மில்லிமீட்டர், அதாவது 8.58 அங்குலம். இப்படிப்பட்ட பல விளையாட்டுகளின் விதி, தட்டின் விளிம்பிலிருந்து அளக்கச் சொல்கிறது. என் மாணவன் இழுத்த கோடோ நடுப்புள்ளியிலிருந்து நடுப்புள்ளிக்குப் போனது. மாமா மகன் பயன்படுத்திய கருவி அரை விட்டங்களைத் தானாகக் கழித்துவிட்டது.

இதனால் என்ன குறைந்துவிடும் என்கிறீர்களா? அவர்களின் ஆட்டத்தில் எதிரியை எட்டிப் பிடிக்க இரண்டு பகடைகளை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை, தூரத்தை எட்டினால் போதும். 8.58 அங்குலம் என்றால் 9 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். மொத்தம் 36 வாய்ப்புகளில் 10 வாய்ப்புகள் சாதகம், ஏறக்குறைய 28 விழுக்காடு. 9.84 என்றால் 10 அல்லது அதற்கு மேல் தேவை. சாதகமானவை 6 மட்டுமே, ஏறக்குறைய 17 விழுக்காடு. யாரும் ஏமாற்றவில்லை. எங்கிருந்து அளப்பது என்று பேசி வைத்துக்கொள்ளவில்லை, அதுதான் குறை.

உயரமும் ஏமாற்றும். 5 அங்குல உயரக் கோபுரத்தின் உச்சியில் ஒரு வில்லாளி நிற்கிறான். கோபுரத்தின் அடியிலிருந்து 12 அங்குலத்தில் எதிரி. அம்பு 12 அங்குலம் பாயும். எதிரியைத் தொடுமா? தரைமட்டத்தில் அளந்தால் தொடும். சாய்வாக அளந்தால் பித்தகோரஸ் குறுக்கே வருவார்: 25ஐயும் 144ஐயும் கூட்டினால் 169, அதன் வர்க்கமூலம் 13. அம்பு ஓர் அங்குலம் முன்னால் விழுந்துவிடும். மென்பொருள் கிடைத்தள தூரத்தைக் காட்டுகிறதா, சாய்வுத் தூரத்தைக் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கணினி தசமப் புள்ளிக்குப் பின் நீளமாக எண்களை அடுக்கும்போது நமக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. ஆனால் பல விளையாட்டு மென்பொருள்கள் ஒவ்வொரு எண்ணையும் 32 பிட்டுகளில் சேமிக்கின்றன. அதில் ஏறக்குறைய ஏழு இலக்கங்களே நம்பத்தக்கவை. 6 என்ற எண்ணுக்கு அடுத்து அந்த முறையில் எழுதக்கூடிய எண் ஏறக்குறைய 6.0000005. சரியாக 6 அங்குலத்தில் வைத்த பொம்மையை அந்தத் துளி வித்தியாசத்துக்காக “எட்டவில்லை” என்று கணினி சொல்லிவிடலாம். உண்மையான மேசையில் நாடா சற்று வளைந்தாலே ஒரு மில்லிமீட்டர் போய்விடும், நாமும் “பரவாயில்லை” என்று விட்டுவிடுவோம். எத்தனை இலக்கம் தெரிகிறது என்பது நுணுக்கம். அது உண்மைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது துல்லியம். ஆய்வுக்கூடத்தில் மாணவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்வது இந்த இரண்டையும்தான்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். நாம் வாழும் தீவே ஒரு மெய்நிகர் மேசைதான். சிங்கப்பூரின் நில அளவைக்கு 2004 முதல் எஸ்விஒய்21 என்ற முறை பயன்படுகிறது. தீவின் எந்த இடத்தையும் கிழக்காக இத்தனை மீட்டர், வடக்காக இத்தனை மீட்டர் என்று இரண்டே எண்களில் குறிக்கலாம். அந்த எண்கள் பயன்படுவது, எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்று எல்லாரும் ஒப்புக்கொண்டிருப்பதால்தான். ஆனால் பாசிர் ரிசிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு அந்த எண்களை வைத்துக் கணக்கிடும் நேர்கோட்டுத் தூரமும் நீங்கள் ரயிலில் போகும் தூரமும் ஒன்றல்ல. ரயில் முதலில் தெற்கே தானா மேரா வரை இறங்கி, பிறகுதான் மேற்கே திரும்புகிறது. இங்கும் முதலில் எந்தத் தூரம் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

மெய்நிகர் மேசையில் ஆடுபவரா நீங்கள்? தொடங்குமுன் நான்கைச் சரிபாருங்கள். அளவு தெரிந்த ஒரு பொருளை, உதாரணமாக ஆறடி மேசையின் விளிம்பை, மென்பொருளால் அளந்து ஆறடிதான் வருகிறதா என்று பாருங்கள். நடுப்புள்ளியா விளிம்பா, கிடைத்தளமா சாய்வா என்று முடிவுசெய்யுங்கள். எவ்வளவு பிழையைப் பொறுத்துக்கொள்வது என்றும் பேசிவையுங்கள். நூறில் ஒரு பங்கு அங்குலம் போதும். கடைசியாக, திரைமீது உண்மையான அளவுகோலை வைத்து அளக்காதீர்கள். சாய்ந்த கோணத்தில் பார்க்கும்போது அருகில் இருப்பது பெரிதாகவும் தூரத்தில் இருப்பது சிறிதாகவும் தெரியும்.

என் மாணவனுக்கு நான் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. இரண்டு நாணயங்களையும் ஓர் அளவுகோலையும் கொடுத்து, மாமா மகனைத் தொலைபேசியில் அழைக்கச் சொன்னேன். அந்தச் சனிக்கிழமை ஆட்டம் வழக்கம்போல நடந்தது. அவன் தோற்றுவிட்டான் என்பது வேறு கதை.