வயலின் கற்கும் சிறார்க்கான சுரப்பெயர் விளையாட்டுகள்

மேற்கத்திய முறையில் வயலின் கற்கத் தொடங்கும் சிறார்க்கு ஏ முதல் ஜி வரையிலான ஏழு சுரப்பெயர்களைப் பழக்க ஆசிரியர்கள் கையாளும் எளிய ஆட்டங்கள் சுரப்பெயர் விளையாட்டுகள் எனப்படும்.

பியானோவில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கட்டை கண்ணுக்குத் தெரியும். வயலினின் விரற்பலகையில் அத்தகைய அடையாளம் எதுவும் இல்லை. எனவே தொடக்கநிலைப் புத்தகங்கள் பலவற்றில் சுரக்குறியின் மேல் விரல் எண் அச்சிடப்பட்டிருக்கும். குழந்தை எண்ணைப் பார்த்தே வாசித்துவிடும்; பெயரைப் படிக்காது. முதலில் இது குறையாகத் தெரிவதில்லை. கை மூன்றாம் நிலைக்கு நகரும்போதுதான் சிக்கல் வெளிப்படும். ஏ தந்தியில் அதுவரை பி-யாக இருந்த முதல் விரல் அங்கே டி ஆகிவிடும். ஜப்பானியரான ஷினிச்சி சுசுகி (1898–1998) வகுத்த முறையில் குழந்தைகள் முதலில் காதால் கேட்டு வாசிப்பர். குறியீடு படிப்பது பின்னரே வரும். அவர்களும் ஒருநாள் பெயர்களைக் கற்றாக வேண்டும்.

முதலில் ஆடத்தக்கது எழுத்து வட்டம். வட்டமாக அமர்ந்து பந்தை உருட்டிக்கொண்டே ஏ, பி, சி என்று சொல்ல வேண்டும். ஜி-க்குப் பிறகு மீண்டும் ஏ. யாராவது ஒருவர் 'எச்' என்பார்; சிரிப்பு எழும். (ஜெர்மனியில் அது பிழையன்று. அங்கே பி சுரத்தின் பெயரே எச்.) பின்னோக்கிச் சொல்வது கடினம். இசை இறங்கவும் செய்யும் என்பதால் அதையே கூடுதலாகப் பழக்க வேண்டும்.

மிகுந்த பயன் தருவது தரைக்கோடு ஆட்டம். பாண்டி ஆடுவதுபோல் சாக்பீசால் தரையில் ஐந்து நீளக் கோடுகள் வரையப்படும். ஒரு குழந்தை வயலினில் ஒரு சுரத்தை வாசித்துப் பெயர் சொல்ல, மற்றொன்று உரிய இடத்தில் குதிக்கும். டி தந்தியை எடுத்துக்கொள்வோம். விரல் வைக்காத டி, முதல் கோட்டை ஒட்டிக் கீழே நிற்கும். முதல் விரலின் ஈ அக்கோட்டிலேயே அமரும். இரண்டாம் விரலின் எஃப் இடைவெளியிலும், மூன்றாம் விரலின் ஜி அடுத்த கோட்டிலும், நான்காம் விரலின் ஏ அதற்கடுத்த இடைவெளியிலும் வரும். முதல் நிலையில் நான்கு தந்திகளுக்கும் இந்த ஒழுங்கு பொருந்தும்: ஒன்றும் மூன்றும் கோடு, வெறுந்தந்தியும் இரண்டும் நான்கும் இடைவெளி. குதித்துப் பார்க்கும் குழந்தைகள் இதைத் தாமாகவே கண்டுபிடிப்பதுண்டு. நான்காம் விரலின் ஏ-யும் அடுத்த வெறுந்தந்தியின் ஏ-யும் ஒன்றே என்பதும் அப்போது புரியும்.

டி மேஜரில் அந்த எஃப், எஃப் ஷார்ப் ஆகும். முழுப்பெயரைச் சொல்லாமல் குதித்தால் செல்லாது என்று விதி வைப்பது நல்லது. இல்லாவிட்டால் விரல் அரைச்சுரம் தாழ்ந்து விழும்.

ஏழு எழுத்துகளால் ஆன ஆங்கிலச் சொற்களை வாசிக்கும் ஆட்டமும் உண்டு. பி-ஏ-ஜி என்றால் பை, சி-ஏ-ஜி-ஈ என்றால் கூண்டு. படிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே இது உதவும்.

கர்நாடக இசையில் மாணவர் சரளி வரிசையைச் சுரப்பெயர் சொல்லிப் பாடிய பின்பே வில்லால் வாசிப்பது வழக்கம். பெயரும் ஒலியும் சேர்ந்தே பதியும். படத்தில் உள்ள குறியையும் பெயரையும் மட்டும் பொருத்தும் சீட்டாட்டங்களில் இது கிடைப்பதில்லை. எடுத்த சீட்டின் சுரத்தை உடனே பாடவோ வாசிக்கவோ செய்தால் அக்குறை நீங்கும்.