போரின் முதல் வாரத்தில் மக்கள் மனம்

1982-ஆம் ஆண்டில் குருத்து ஞாயிறு ஏப்ரல் 4-ஆம் நாளில் வந்தது. அன்று உலகெங்குமுள்ள நம் கோவில்களில் குருத்தோலைகள் மந்திரிக்கப்பட்டன. ஆண்டவருடைய பாடுகளின் வரலாறு வாசிக்கப்பட்டது. அதற்கு இரண்டு நாள்களுக்கு முன், வெள்ளிக்கிழமை விடியற்காலையில், தென் அமெரிக்கக் கத்தோலிக்க நாடாகிய அர்ஜென்டினாவின் படைகள் தென் அட்லாண்டிக் கடலிலுள்ள ஃபாக்லாந்துத் தீவுகளில் இறங்கி அவற்றைக் கைப்பற்றியிருந்தன. இவ்வாறு அவ்வாண்டின் புனித வாரம் ஒரு போரின் முதல் வாரமாகவும் அமைந்தது.

அந்த நாள்களில் மக்கள் மனம் எவ்வாறு இயங்கியது, உலக நாடுகள் என்ன பேசின என்பதை எண்ணிப் பார்ப்பது இன்றும் நமக்குப் பயன் தரும். 2003-இல் ஈராக்கிற்குள்ளும் 2022-இல் உக்ரைனுக்குள்ளும் படைகள் நுழைந்தபோது, செய்தியைக் கேட்ட ஒவ்வொரு வீட்டிலும் "யார் பக்கம்?" என்ற வினாவே முதலில் எழுந்தது. கிறிஸ்தவக் குடும்பத்தில் அந்த வினாவுக்கு முன்னதாக எழ வேண்டிய வேறொரு வினா உண்டு. அது எது என்பதை ஃபாக்லாந்துப் போர் நமக்குக் கற்பிக்கின்றது.

மே சதுக்கம்

இத்தீவுகள் 1833 முதல் பிரிட்டனின் ஆட்சியில் உள்ளன. 1982-இல் அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 1,800 பேர். பெரும்பாலும் பிரிட்டானிய வழிவந்தோர். ஆடு வளர்ப்பே அவர்கள் தொழில். பிரிட்டனிலிருந்து அவை ஏறக்குறைய 13,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. அர்ஜென்டினாக் கரையிலிருந்தோ சுமார் 500 கிலோமீட்டர்தான். அர்ஜென்டினர் அவற்றை மால்வினாஸ் என்பர். அவை தம்முடையவை என்பது அந்நாட்டுப் பிள்ளைகள் பள்ளியிலேயே பயிலும் பாடம்.

அந்நாட்டை 1976 முதல் இராணுவ ஆட்சிக் குழு அடக்கி ஆண்டுவந்தது. ஆயிரக்கணக்கான இளைஞர் இரவோடு இரவாகப் பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமற்போயினர். அவர்களுடைய அன்னையர் 1977 முதல் வியாழன்தோறும் தலைநகர் புவனோஸ் அயர்சின் மே சதுக்கத்தில் கூடி, "எங்கள் பிள்ளைகள் எங்கே?" என்று கேட்டு வலம்வந்தனர். 1982 மார்ச் 30-ஆம் நாள், உணவும் வேலையும் அமைதியும் வேண்டித் தொழிலாளர் சங்கங்கள் அச்சதுக்கத்தை நோக்கி ஊர்வலம் சென்றபோது, காவல் துறையினர் தடியாலும் கண்ணீர்ப் புகையாலும் அவர்களை விரட்டினர், ஏராளமானோர் கைதாயினர்.

மூன்றே நாள்கள் கழிந்தன. ஏப்ரல் 2-ஆம் நாள் தீவுகள் கைப்பற்றப்பட்ட செய்தி வந்ததும், அதே சதுக்கத்தில் மக்கள் வெள்ளமாய்த் திரண்டு, ஆட்சித் தலைவர் ஜெனரல் கால்டியெரியை வாழ்த்தி ஆரவாரித்தனர். புனித சனிக்கிழமையாகிய ஏப்ரல் 10-ஆம் நாள், சமாதானத் தூது வந்த அமெரிக்க வெளியுறவுச் செயலர் அலெக்சாந்தர் ஹெய்க் நகரில் இருந்தபோது, கூட்டம் இன்னும் பெரிதாகக் கூடியது. மக்கள் ஒரு வாரத்திற்குள் தங்கள் துயரை மறந்துவிட்டனர் என்று நாம் அவர்களை ஏளனம் செய்தல் ஆகாது. நாட்டுப்பற்று உயர்ந்த உணர்ச்சி. அந்த உயர்ந்த உணர்ச்சியே அநீதியான ஆட்சிக்குப் போர்வையாகவும் பயன்படக்கூடும் என்பதே இங்கு நாம் காண வேண்டிய உண்மை. அந்த அன்னையர் மட்டும் மறக்கவில்லை. மால்வினாஸ் அர்ஜென்டினாவுக்குரியவை என்றால், காணாமற்போன எங்கள் பிள்ளைகளும் அர்ஜென்டினாவுக்குரியவர்களே என்று அவர்கள் நினைவூட்டினர்.

மறுகரையில்

இலண்டனிலும் மக்கள் மனம் கொதித்தது. ஏப்ரல் 3-ஆம் நாள், சனிக்கிழமையாயிருந்தும், பாராளுமன்றம் கூடியது; 1956-இன் சூயஸ் நெருக்கடிக்குப் பின் சனிக்கிழமையில் அது கூடியது அன்றுதான். போரை வெறுப்பவர் எனப் பெயர்பெற்ற எதிர்க்கட்சித் தலைவர் மைக்கேல் ஃபுட்டும் அன்று ஆக்கிரமிப்பைக் கடுமையாகக் கண்டித்தார். திங்கட்கிழமை வெளியுறவு அமைச்சர் காரிங்டன் பிரபு பதவி துறந்தார். அன்றே விமானந்தாங்கிக் கப்பல்கள் போர்ட்ஸ்மத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டன. கரையில் நின்ற மனைவியரும் அன்னையரும் கொடி அசைத்தனர், அழுதனர்.

அந்நாள்களில் எடுக்கப்பட்ட கருத்துக் கணிப்புகளில் ஒரு நுட்பம் புலப்படுகின்றது. கப்பற்படையை அனுப்புதல் சரியே என்றோர் மிகப் பெரும்பான்மையினர். ஆயின், "இத்தீவுகளுக்காக நம் வீரர் உயிரிழப்பது தகுமா?" என்று கேட்டபோது மக்கள் ஏறக்குறைய இரு கூறாகப் பிரிந்தனர். வாரங்கள் சென்று இரத்தம் சிந்தப்பட்ட பின்னரோ, தகும் என்போர் தொகை கூடியது. நாம் தியானிக்க வேண்டிய இடம் இது. முதல் உயிர் போகுமுன் மனச்சான்று இன்னும் வினவுகின்றது. உயிர்கள் போன பிறகு, போனவை வீணாகக் கூடாதே என்ற எண்ணம் மேலும் உயிர்களைக் கேட்கின்றது.

உலகின் குரல்

ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு மன்றம் ஏப்ரல் 3-ஆம் நாளே தன் 502-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. போர்ச் செயல்கள் நிற்க வேண்டும், அர்ஜென்டினப் படைகள் வெளியேற வேண்டும், இரு அரசுகளும் பேசித் தீர்க்க வேண்டும் என்று அது கோரியது. பத்து நாடுகள் ஆதரித்தன. பனாமா மட்டும் எதிர்த்தது. சோவியத் யூனியன், சீனா, போலந்து, ஸ்பெயின் ஆகிய நான்கும் வாக்களிக்கவில்லை. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் அர்ஜென்டினச் சரக்குகளுக்குத் தடை விதித்தது. ஆனால் ஏப்ரல் 28-ஆம் நாள் அமெரிக்கக் கண்டத்து நாடுகள் வாஷிங்டனில் கூடியபோது, பதினேழு நாடுகள் அர்ஜென்டினாவின் உரிமையை ஆதரித்து வாக்களித்தன, நான்கு ஒதுங்கின.

இக்குரல்களில் நீதியின் குரலும் இருந்தது. தன்னலத்தின் குரலும் கலந்திருந்தது. ஜிப்ரால்டரைத் தனக்கே உரியதென்று கோரும் ஸ்பெயின், பிரிட்டனை எவ்வாறு ஆதரிக்கும்? பொதுவுடைமையை வேரறுப்பதாகச் சூளுரைத்த அர்ஜென்டினத் தளபதிகளுக்குச் சோவியத் யூனியன் அனுதாபம் காட்டியது; அது அவர்களிடமிருந்து பெருமளவில் தானியம் வாங்கிவந்த காலம் அது. ஆகவே ஒரு படையெடுப்பைப் பற்றி ஒரு நாடு முதல் வாரத்தில் சொல்வதைக் கேட்கும்போது, அது நீதியைப் பேசுகின்றதா, தன் கணக்கைப் பேசுகின்றதா என்று பகுத்தறிதல் வேண்டும். எனினும் உலகின் கண்டனம் பயனற்றதன்று. வலியவன் எடுத்துக்கொண்டதெல்லாம் அவனுக்கே உரியது என்ற வழக்கம் நிலைபெறாதபடி தடுப்பது அதுவே.

மே 2-ஆம் நாள், பெரு நாட்டின் சமாதானத் திட்டம் பேசப்பட்டுக்கொண்டிருந்தபோதே, ஜெனரல் பெல்கிரானோ என்ற அர்ஜென்டினப் போர்க்கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. 323 பேர் மாண்டனர். இலண்டன் நாளிதழொன்று அதைக் கொக்கரிக்கும் ஒரே சொல்லைத் தலைப்பாக இட்டு வெளியிட்டது. உயிரிழப்பின் அளவு தெரியத் தொடங்கியதும் பின் வந்த பதிப்புகளில் அதை மாற்றியது. மே 4-ஆம் நாள் பிரிட்டனின் ஷெஃபீல்டு கப்பல் தாக்கப்பட்டு 20 பேர் இறந்தனர். அர்ஜென்டினப் பெண்கள் போர் நிதிக்காகத் தங்கள் நகைகளைக் கழற்றித் தந்தனர். அவர்களுடைய பிள்ளைகளோ, கட்டாயப் படைச் சேவைக்கு அழைக்கப்பட்ட பதினெட்டு, பத்தொன்பது வயது இளைஞர், குளிரிலும் பசியிலும் பதுங்குகுழிகளில் நடுங்கிக்கொண்டிருந்தனர்.

ஜூன் 14-ஆம் நாள் அர்ஜென்டினப் படை சரணடைந்தது. அர்ஜென்டினர் 649 பேர், பிரிட்டானியர் 255 பேர், தீவுவாசிகளில் பெண்கள் மூவர் உயிரிழந்திருந்தனர். மறுநாள் அதே மே சதுக்கத்தில் மக்கள் திரண்டு தளபதிகளைச் சபித்தனர். சில நாள்களில் கால்டியெரி பதவியிழந்தார். ஓசன்னா பாடிய எருசலேம் ஐந்தே நாள்களில் சிலுவையைக் கேட்டதை ஆண்டுதோறும் வாசிக்கும் நமக்கு இது வியப்பன்று.

திருச்சபையின் வழி

இரு தரப்பிலும் கத்தோலிக்கர் இருந்தனர். இன்று புனிதராக நாம் வணங்கும் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் என்ன செய்தார்? மே 22-ஆம் நாள் உரோமையின் புனித இராயப்பர் பேராலயத்தில் இரு நாட்டுக் கர்தினால்மாரையும் ஒரே பீடத்தைச் சூழ நிற்கச் செய்து சமாதானத்திற்காகத் திருப்பலி நிறைவேற்றினார். பிரிட்டனுக்குச் செல்ல முன்னரே இசைந்திருந்த பயணத்தைக் கைவிடவில்லை. பெந்தகோஸ்தே நாளாகிய மே 30-இல், 1940-இல் குண்டுவீச்சால் சிதைந்த கோவன்ட்ரி நகரில் நின்று, போர் இனி பழங்கதையாகவே மறைய வேண்டும் என்று மன்றாடினார். அடுத்து ஜூன் 11-இல் அர்ஜென்டினாவுக்கும் சென்று லூஹான் அன்னையின் திருத்தலத்தில் அம்மக்களோடு செபித்தார். படையெடுப்பு தவறன்று என்று அவர் கூறவில்லை. தற்காத்துக்கொள்ளும் உரிமையைத் திருச்சபை மறுப்பதும் இல்லை. எந்தத் தரப்பின் தாயும் தன் கண்ணீருக்குத் திருச்சபையில் இடமில்லை என்று எண்ணலாகாது என்பதே அவருடைய கவலை.

இத்தகைய உள்ளம் கத்தோலிக்கருக்கு மட்டும் உரியதன்று. ஜூலை 26-ஆம் நாள் இலண்டன் புனித சின்னப்பர் பேராலயத்தில் நடந்த வழிபாட்டில், ஆங்கிலிக்கன் பேராயர் இராபர்ட் ரன்சி இறந்த அர்ஜென்டினரையும் அவர்தம் குடும்பங்களையும் நினைவுகூர்ந்தார். வெற்றி விழாவை எதிர்பார்த்த சிலர் சினந்தனர். அவரோ இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படையில் போரிட்டு வீரப் பதக்கம் பெற்றவர். போர் இன்னதென்று அறிந்தே பேசினார்.

மக்கள் மனம் போருக்கு மட்டுந்தான் எழுமோ என்று நாம் சோர்வுறத் தேவையில்லை. 1978 இறுதியில் பீகிள் கால்வாய்த் தீவுகளை முன்னிட்டு அர்ஜென்டினாவும் சிலியும் போரின் விளிம்பில் நின்றன. திருத்தந்தை கர்தினால் சமோரேயைத் தூதனுப்பித் தடுத்தார். ஆண்டுக்கணக்கில் நடந்த பேச்சின் விளைவான உடன்படிக்கையைப் பற்றி 1984 நவம்பர் 25-ஆம் நாள் அர்ஜென்டின மக்களிடமே கருத்துக் கேட்கப்பட்டது. வாக்களித்தவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் சமாதானத்தை ஏற்றனர். 1982-இல் ஆரவாரித்த அதே மக்கள்தாம் இவர்கள்! உண்மை சொல்லப்பட்டு, சிந்திக்கக் காலமும் தரப்பட்டால், மக்கள் மனம் நன்மையைத் தேர்ந்துகொள்ளும்.

நம் இல்லங்களில்

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட "இன்றைய உலகில் திருச்சபை" என்ற ஏட்டில், பொதுமக்கள் கருத்தை உருவாக்குவோர் அனைவரும் சமாதான உணர்வை ஊட்டுவதைத் தம் பெருங்கடமையாகக் கொள்ள வேண்டும் என்று பணிக்கின்றது. கருத்தை உருவாக்குவோர் பத்திரிகையாளர் மட்டும் அல்லர். பிள்ளைகளின் நடுவில் அமர்ந்து செய்தி கேட்கும் தந்தையும் தாயும் உருவாக்குகின்றனர்.

ஆகவே, எங்கேனும் ஒரு போர் மூண்டது என்று கேள்விப்படும் முதல் மாலையில் மூன்று காரியங்களை நம் குடும்பங்கள் கடைப்பிடிக்கலாம். முதலாவது, இறந்தோர் எண்ணிக்கையை விளையாட்டுப் போட்டியின் கணக்கைப் போல் மகிழ்ந்து பேசாதிருத்தல். இரண்டாவது, முதல் நாள் செய்தியை முழு உண்மையென்று கொள்ளாமல் பொறுத்திருந்து அறிதல். மூன்றாவது, அன்றைய குடும்பச் செபமாலையில் ஒரு பத்து மணியை இரு தரப்புத் தாய்மார்களுக்காகவும் ஒப்புக்கொடுத்தல். "யார் பக்கம்?" என்பதற்கு முன், "யாருடைய பிள்ளை?" என்று கேட்கும் இல்லத்தில் வெறுப்பு வேர்விடாது.

அர்ஜென்டின வீரர்கள் 1982-இல் லூஹான் அன்னையின் சுரூபமொன்றைத் தீவுகளுக்குக் கொண்டுசென்றிருந்தனர். போருக்குப் பின் அது இங்கிலாந்திற்குச் சென்று, ஆல்டர்ஷாட்டிலுள்ள படைத்துறைக் கத்தோலிக்கப் பேராலயத்தில் முப்பத்தேழு ஆண்டுகள் இருந்தது. பிரிட்டானிய வீரர்கள் அதன்முன் முழந்தாளிட்டுச் செபித்தனர். 2019 அக்டோபர் 30-ஆம் நாள், உரோமையில் அர்ஜென்டினராகிய திருத்தந்தை பிரான்சிஸ் முன்னிலையில், இரு நாட்டுப் படைத்துறை ஆயர்களும் அந்தச் சுரூபத்தையும் அதன் நகலையும் ஒருவருக்கொருவர் கையளித்தனர். அன்னை தம் வீடு திரும்பினார். மற்றோர் உருவில் இங்கிலாந்திலும் தங்கினார். இரு தரப்பாருக்கும் அவர் தாயன்றோ!