பேனா கடையக் கற்றவர்கள்: அன்றும் இன்றும்

கடைசல் பட்டறையில் புதிதாகச் சேரும் பையனுக்கு அந்தக் காலத்தில் கொடுத்த முதல் வேலை கயிறு இழுப்பது. மோட்டார் வருவதற்கு முன்பு லேத்தைச் சுழற்றியது மனிதக் கைதான். கட்டையை இரண்டு முனைகளுக்கு நடுவே மாட்டிக் கயிற்றைச் சுற்றி விடுவார்கள். பையன் மாற்றி மாற்றி இழுக்க, கட்டை முன்னும் பின்னுமாகச் சுழலும். கடைசல்காரர் தரையில் உட்கார்ந்து, உளியின் பிடியைக் கையிலும் அலகைக் கால் விரலிலும் அணைத்துக்கொண்டு, கட்டை தன் பக்கம் சுழலும்போது மட்டும் உளியை ஒட்டுவார். எதிர்ப்பக்கம் திரும்பும்போது விலக்குவார். பாதி நேரம்தான் வெட்டு, மீதி நேரம் காத்திருப்பு.

பையன் மாதக்கணக்கில் கயிற்றை இழுத்தபடியே பார்த்துக்கொண்டிருப்பான். அதுதான் பாடம். எந்த மரத்துக்கு எந்த உளி, எந்த இடத்தில் இழுப்பைத் தளர்த்த வேண்டும், சத்தம் மாறினால் என்ன கோளாறு என்பதையெல்லாம் யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. ஒருநாள் உளியைத் தீட்டக் கொடுத்தார்கள் என்றால் ஒரு படி ஏறிவிட்டான் என்று பொருள். பிறகு பம்பரம், மத்து, சொப்புச் சாமான். கட்டில் கால் கடையும் அளவுக்கு வந்துவிட்டால் அவனும் தொழிலாளி.

பேனாவைப் பற்றிச் சொல்ல வந்தவன் கட்டில் காலில் நிற்கிறேனே என்று கேட்டால், காரணம் இருக்கிறது. பள்ளிக்கூடத்திலும் தாலுகா கச்சேரியிலும் தபால் ஆபீசிலும் அன்று புழங்கிய தொட்டெழுதும் பேனா, நுனியில் நிப்பு செருகிய ஒரு மரக்காம்பு, அவ்வளவுதான். மைக்கூட்டில் தொட்டுத் தொட்டு எழுத வேண்டும். அந்தக் காம்பைக் கடையத் தனித் திறமை எதுவும் வேண்டியதில்லை. மத்துக்குக் காம்பு கடைந்த கை அதையும் கடைந்துவிடும். மரப் பேனா என்று அன்று யாரும் அதைத் தனியாகக் கொண்டாடவும் இல்லை.

மை பேனாவுக்கு உள்ளேயே போன பிறகுதான் தொழில் மாறியது. மரத்துக்கும் மைக்கும் ஒத்துவராது. ஈரம் ஏறினால் மரம் உப்பும், காய்ந்தால் சுருங்கும், அதில் போட்ட மெல்லிய மரை உதிர்ந்துவிடும். ஆகவே ஊற்றுப் பேனா செய்தவர்கள் எபோனைட்டைப் பிடித்துக்கொண்டார்கள். ரப்பரில் கந்தகத்தைத் தாராளமாகக் கலந்து சூடேற்றி இறுக்கினால் கிடைப்பது அது. மரத்தைப் போலவே உளிக்கு இசைந்து கொடுக்கும், மரை நிற்கும், மை பட்டால் ஒன்றும் ஆகாது. கடையும்போது கந்தக வாடை வரும், கறுப்புத் தூள் நகக் கண்ணில் ஏறி உட்காரும்.

ஆந்திரத்து ராஜமுந்திரியில் ரத்னம் பேனா 1930களில் பிறந்தது இப்படித்தான். சுதேசிப் பொருள் செய்யச் சொன்ன காந்தியின் கைக்கே அந்தப் பேனா போய்ச் சேர்ந்து, 1935-ல் அவர் அதைப் பாராட்டிக் கடிதமும் எழுதினார். சென்னை பாரிமுனையில் ஜெம் அண்ட் கோ விற்ற காமா பேனாக்களை இன்றும் பெயர் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. திருவள்ளூரின் ரங்கா பேனாவும் இதே கைவழியில் வந்ததுதான்.

இந்தப் பட்டறைகளில் பேனா கடையக் கற்பது என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். வெளி உருவம் கடைவது அதில் சின்னப் பங்கு. கையிலிருப்பது உருளையான ஓர் எபோனைட் கம்பி. அதில் மை நிற்கும் உடலுக்கு ஒரு துண்டு, மூடிக்கு ஒரு துண்டு, விரல் பிடிக்கும் கழுத்துக்கு ஒரு துண்டு. மூன்றையும் உள்ளே துளைத்து, வெளியே கடைந்து, ஒன்றுக்கொன்று பொருந்தும்படி மரை போட வேண்டும். ஃபில்லரால் மை ஊற்றும் பேனாவில் தனியாக டியூப் கிடையாது. உடலே மைக்கூடு. கழுத்தைத் திருகி மூடினால் சட்டைப் பையில் ஒரு சொட்டு இறங்கக்கூடாது. அந்த நம்பிக்கை முழுவதும் மரையின் மேல்தான் நிற்கிறது.

அதைவிடக் கடினம் நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்குக் கட்டை. அதில் நீளவாக்கில் மெல்லிய கீறல்கள் இருக்கும். மை அந்த வழியாக நுனிக்கு இறங்க வேண்டும், இறங்கிய மைக்கு ஈடாகக் காற்று உள்ளே ஏற வேண்டும். கீறல் அகன்றால் பேனா கக்கும், குறுகினால் எழுதாமல் அடம் பிடிக்கும். மயிரிழை வித்தியாசத்தில் இருக்கிறது விஷயம். எழுதிப் பார்த்து, கழற்றி, சுரண்டி, மறுபடி எழுதிப் பார்த்துத்தான் கை அதைக் கற்றுக்கொள்ளும். வருஷங்கள் ஆகும் என்று அவர்கள் சொன்னது வெறும் பந்தாவுக்காக அல்ல.

பிறகு பால்பாயிண்ட் வந்தது. 1980களில் சென்னையிலிருந்து புறப்பட்ட ரெனால்ட்ஸ், வெள்ளை உடலும் நீல மூடியுமாக எல்லாச் சட்டைப் பைகளிலும் ஏறிக்கொண்டது. எழுதித் தீர்ந்தால் எறிந்துவிடலாம். நாக்குக் கட்டை அறுக்கத் தெரிந்தவனுக்கு வேலை குறைந்தது. மகனை வேறு தொழிலுக்கு அனுப்பியவர்களைக் குறை சொல்ல முடியாது.

இன்று பேனா கடையக் கற்க யாருக்கும் பையனாகப் போய்க் கயிறு இழுக்க வேண்டியதில்லை. மேசைமேல் வைக்கிற சின்ன லேத்து, இரண்டு மூன்று உளி, யூடியூப். அத்துடன் ஒரு ‘பென் கிட்’. இந்தக் கடைசிச் சரக்குதான் எல்லாவற்றையும் மாற்றியது. அமெரிக்காவில் வீட்டுக் கொட்டகையில் பொழுதுபோக்காக மரம் கடைகிறவர்களிடையே 1990களில் பரவி, பிறகு இணையக் கடைகள் வழியாக இங்கும் வந்து சேர்ந்தது. பையைப் பிரித்தால் முனை, கிளிப், நடு வளையம், திருகும் பகுதி, ரீஃபில், இரண்டு பித்தளைக் குழாய் எல்லாம் தயாராக இருக்கும். மரம் மட்டும்தான் நம்முடையது.

‘ஸ்லிம்லைன்’ என்கிற எளிய வகையை எடுத்துக்கொள்வோம். விரல் கனமுள்ள கட்டையை இரண்டாக வெட்டி, நடுவே 7 மில்லிமீட்டர் துளை போட வேண்டும். மெதுவாக இறக்கி, அடிக்கடி டிரில்லை வெளியே எடுத்துத் தூளைத் தட்டிவிட வேண்டும். அவசரப்பட்டால் சூட்டில் மரம் விரிசல் விடும், அல்லது டிரில் அடிப்பக்கத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். பித்தளைக் குழாயை உப்புத்தாளில் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, பசை தடவி உள்ளே செருகுவார்கள். பசை இறுகியதும் கட்டையின் இரு முனைகளையும் குழாய்க்குச் செங்குத்தாகச் சீவிவிட வேண்டும். இதைச் சரியாகச் செய்யாவிட்டால் பூட்டும்போது இடுக்கு தெரியும்.

பிறகு கம்பியில் கோத்து லேத்தில் ஏற்றினால் உண்மையான மகிழ்ச்சி தொடங்குகிறது. நிமிடத்துக்கு 2000, 3000 சுற்று. குழி உளி பட்டதும் சதுரக் கட்டை உருண்டையாகிறது. உளியின் சாணை நன்றாக இருந்தால் சீவல் ரிப்பனாக வரும், மழுங்கியிருந்தால் தூளாகக் கொட்டும். இரு முனையிலும் இருக்கும் உலோக வளையத்தின் மட்டத்துக்கு மரம் இறங்கும் வரை கடைய வேண்டும். அந்த வளையத்தின் விட்டம் ஏறக்குறைய 8.4 மில்லிமீட்டர். குழாயின் 7 மில்லிமீட்டரைக் கழித்துவிட்டுப் பாருங்கள். முனையில் மிஞ்சும் மரத்தின் கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. மரப் பேனா என்று நாம் பரிசளிப்பது பித்தளைக்கு மேல் போட்ட மெல்லிய மரச் சட்டை.

இதைச் சொல்வது கிட்டை மட்டம் தட்டுவதற்காக அல்ல. ஒரே பகலில் எழுதுகிற பேனா ஒன்றுடன் எழுந்திருக்க முடியும் என்பது சாதாரண விஷயமா? பட்டறைக் குடும்பத்தில் பிறக்காதவரும், பெண்களும், ஓய்வு பெற்றவரும், கல்லூரி மாணவரும் யாருடைய தயவும் இல்லாமல் உளி பிடிக்கிறார்கள். அன்றைய பட்டறைக் கதவு எல்லோருக்கும் திறந்ததில்லை. முகமூடி, கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை செய்யும் வழக்கமும் இப்போதுதான் வந்தது. ஈட்டி, கருங்காலித் தூள் மூச்சிலும் தோலிலும் செய்யும் உபத்திரவத்தைப் பழைய தொழிலாளிகள் தொழிலோடு சேர்ந்த தலைவிதியாக எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேனாவைப் பேனாவாக்குகிற பகுதி முழுவதும் பைக்குள் வந்துவிட்டது. எழுதுவது, கசியாமல் இருப்பது, திருகினால் பிடிப்பது என்ற மூன்றும் எங்கோ ஒரு தொழிற்சாலையின் பொறுப்பு. கடைபவருக்கு மிஞ்சியது உருவமும் பளபளப்பும். கிட்டில் தொடங்கியவர்களில் சிலர் இதை உணர்ந்து அடுத்த படிக்குப் போகிறார்கள். நிப்பை மட்டும் ஜெர்மனியின் ஜோவோ போன்ற நிறுவனத்திடம் வாங்கிக்கொண்டு, உடல், மூடி, கழுத்து மூன்றையும் தாங்களே கடைந்து, டேப், டை என்னும் மரை வெட்டும் கருவிகளை வைத்து மரை போடுகிறார்கள். மரத்தில்தான் செய்வேன் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் மரை வரும் இடத்தில் மட்டும் எபோனைட்டோ அக்ரிலிக்கோ உள்ளே வைக்கிறார்கள். பழைய பட்டறைக்காரர் மரத்தைக் கைவிட்ட அதே காரணத்தை இவர்களும் சுற்றி வளைத்துக் கண்டுபிடிக்கிறார்கள். இதற்கிடையில் திருவள்ளூரின் எபோனைட் பேனாக்களை வெளிநாட்டு ரசிகர்கள் இணையத்தில் வரவழைத்துக்கொள்கிறார்கள்.

பளபளப்பிலும் ஒரு வேடிக்கை. கர்நாடகத்துச் சென்னபட்டணத்துப் பொம்மைக்காரர் சுழலும் கட்டையில் அரக்குக் குச்சியை அழுத்துவார். உரசும் சூட்டில் அரக்கு உருகிப் படியும், தாழை மடலால் தேய்த்தால் மின்னும். இன்றைய பேனாக்காரர் அதே சுழலும் கட்டையில் பெவிக்விக் வகைப் பசையை மெல்லிய பூச்சுகளாக ஏற்றி, நெருப்பெட்டி அளவுத் துண்டுகளாக வரும் நுண்ணிய உப்புத்தாளால் தேய்க்கிறார். கண்ணாடி போல வரும், எளிதில் கீறல் விழாது. ஆனால் தொட்டால் மரத்தைத் தொட்ட உணர்வு இருக்காது. எனக்கு அது பிடிப்பதில்லை. அதற்கு மாற்றாக வெளிநாட்டுப் புட்டிகளில் விற்கும் ‘ஃபிரிக்‌ஷன் பாலிஷ்’ என்ன என்று பார்த்தால், சாராயத்தில் கரைத்த அரக்குடன் கொஞ்சம் எண்ணெய். நம் காட்டுப் பூச்சியின் அரக்கு ஊர் சுற்றிவிட்டுப் புட்டியில் திரும்பி வருகிறது.

மரமும் முன்போல் இல்லை. செம்மரத்தையோ சந்தனத்தையோ ஆவணமில்லாமல் கையில் வைத்திருந்தால் வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டும். ஈட்டி இனம் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. கருங்காலி மாலை மோகத்தில் கருங்காலி எது, சாயம் எது என்று தெரியவில்லை. பேனாவுக்கு வேண்டியது ஒரு சாண் துண்டு. அதற்கு இவ்வளவு அலைச்சல் தேவையே இல்லை. பழைய ஜன்னல் சட்டத்துத் தேக்கு, காற்றில் சாய்ந்த பூவரசு, வைரம் ஏறிய புளி, எல்லாமே அருமையாகக் கடையும்.

அதைவிட ஒன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள்: சீமைக்கருவேல். அதன் உறவுக்கார மரமான மெஸ்கீட்டை அமெரிக்காவின் டெக்சாஸ், அரிசோனாக் கடைசல்காரர்கள் தேடி வாங்குகிறார்கள். காயும்போது அதிகம் சுருங்காது, முறுக்காது. நம்மூரில் அதே குணமுள்ள மரத்தைக் கரிமூட்டம் போடுகிறோம்.

கற்க விரும்புகிறவர்கள் கிட்டிலேயே தொடங்கலாம், தயக்கம் வேண்டாம். கை பழகியதும் எபோனைட் கம்பி ஒன்றை வாங்கி மரை போட்டுப் பாருங்கள். பக்கத்தில் பழைய பேனாப் பட்டறை ஏதாவது இன்னும் நடந்தால், நாக்குக் கட்டை அறுக்கத் தெரிந்தவர் அங்கே இருக்கிறாரா என்று விசாரியுங்கள். கட்டைக்கு விறகுக்கடை போதும். நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து எடுங்கள்.