ஸ்க்ரீனிங் என்னும் சல்லடை

இங்கிலாந்தில் 50 முதல் 74 வயது வரை உள்ளவர்களுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வீட்டுக்கே ஒரு சிறு பொட்டலம் தபாலில் வரும். உள்ளே மூடியோடு சேர்ந்த குச்சி, ஒரு சின்னக் குப்பி. மலத்தில் குச்சியைத் தொட்டு, குப்பிக்குள் செருகித் திருப்பி அனுப்பவேண்டும். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் கலந்திருக்கிறதா என்று ஆய்வுக்கூடத்தில் பார்ப்பார்கள். பெருங்குடல் புற்றுநோய்க்கான ஸ்க்ரீனிங் இது. எனக்கு வந்தபோது, "உங்களுக்குத்தான் ஒண்ணும் இல்லையே, எதுக்கு இந்த அசிங்கம்?" என்றாள் மனைவி. நானும் மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு மூன்று மாதம் மறந்துபோனேன்.

அந்த 'ஒண்ணும் இல்லையே' என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வலி, ரத்தப்போக்கு என்று ஏதாவது தொல்லையோடு போனால் மருத்துவர் செய்வது நோயறியும் சோதனை. தொல்லை எதுவும் இல்லாதவர்களைக் கூட்டமாகச் சோதித்து, நோய் இருக்க வாய்ப்பு அதிகமுள்ளவர்களை மட்டும் பிரித்தெடுப்பது ஸ்க்ரீனிங். தமிழில் 'சலித்தெடுத்தல்' எனலாம் என்பது என் கட்சி. (அகராதிக்காரர்கள் சண்டைக்கு வரவேண்டாம்.) சல்லடையில் தங்குவதெல்லாம் கல் அல்ல, கட்டிதட்டிய மாவும் தங்கும். பொடிக்கல் கீழே விழுவதும் உண்டு.

கடைசியில் அனுப்பினேன். 'மேற்கொண்டு பரிசோதனை தேவை' என்று கடிதம் வந்தது. அன்றிரவு உயில் வரைக்கும் யோசித்தேன். விடியற்காலையில் ஒரு கணக்குப் போட்டேன், வெறும் உதாரணக் கணக்கு. 1000 பேரில் 5 பேருக்கு ஒரு நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோதனை அந்த ஐவரையும் பிடித்துவிடுகிறது. ஆனால் நோயில்லாதவர்களில் நூற்றுக்கு 5 பேரையும் தவறாகப் பிடிக்கிறது. அப்படியானால் கடிதம் பெறுபவர்கள் ஏறக்குறைய 55 பேர், அவர்களில் நோயாளிகள் ஐந்தே பேர்! நோய் அரிதாக இருந்தால் இந்த விகிதம் இன்னும் மோசமாகும்.

குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்த்ததில் பாலிப் எனப்படும் சதைமுளைகள் இரண்டு இருந்தன. அப்போதே வெட்டி எடுத்துவிட்டார்கள். இவற்றில் சில, பல ஆண்டுகள் கழித்துப் புற்றாக மாறக்கூடியவை. ஆக, இந்தச் சோதனை நோயைச் சீக்கிரம் கண்டுபிடிப்பதோடு, சில சமயம் வராமலும் தடுக்கிறது.

அப்படியானால் எல்லா நோய்க்கும் எல்லாரையும் சலித்துவிடலாமே? தென் கொரியாவில் நடந்ததைப் பாருங்கள். அங்கே 1999ல் தேசிய அளவில் புற்றுநோய் ஸ்க்ரீனிங் தொடங்கியது. கூடவே, திட்டத்தில் இல்லாத தைராய்டு ஸ்கேனையும் சிறு கட்டணத்தில் பலர் எடுத்துக்கொண்டார்கள். 2011ல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்ட வீதம் 1993ல் இருந்ததைப்போல் 15 மடங்கு. இறப்பு வீதமோ அப்படியே இருந்தது. வாழ்நாள் முழுதும் தொந்தரவே தந்திருக்காத கட்டிகளுக்காகப் பலர் கழுத்தில் கத்தி வைத்துக்கொண்டார்கள். சுரப்பியை முழுவதும் இழந்தவர்களுக்கு ஆயுள் முழுக்க மாத்திரை.

எதற்கு ஸ்க்ரீனிங் தகும் என்று உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சன், யுங்னர் என்ற இருவர் 1968லேயே எழுதிவைத்திருக்கிறார்கள். நோய் முக்கியமானதாக இருக்கவேண்டும், வெளித்தெரியாத ஆரம்பக் கட்டம் ஒன்று இருக்கவேண்டும், கண்டுபிடித்தால் சிகிச்சை இருக்கவேண்டும் என்று போகிறது அந்தப் பட்டியல்.

என் நண்பர் ஒருவருக்கு 'மேல்பரிசோதனை தேவையில்லை' என்று கடிதம் வந்தது. சில மாதங்களில் மலத்தில் ரத்தம் கண்டபோதும், அந்தக் கடிதத்தை நம்பி மூலம்தான் என்று சும்மா இருந்தார். மருத்துவரிடம் போக அரை வருடம் ஆயிற்று. ரத்தம் தெரிந்த நாளிலிருந்தே அவர் சலிக்கவேண்டிய கூட்டத்தில் இல்லை. அடுத்த பொட்டலத்துக்குக் காத்திராமல் அன்றே மருத்துவரைப் பார்த்திருக்கவேண்டியவர்.