உடைந்த பாலத்தருகே ஒரு மணல் திட்டு

சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் வடக்கே நடந்தால், அடையாறு கடலில் சேரும் இடத்தில் பாதியில் நின்றுபோன பாலம் ஒன்று தெரியும். மீனவர்கள் அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வர 1967இல் கட்டியது. பத்தே ஆண்டில், 1977இல், ஆற்றின் வேகம் தாங்காமல் சரிந்தது. பிறகு யாரும் அதைச் சீர்செய்யவில்லை; சினிமாக்காரர்கள் மட்டும் கைவிடவில்லை.

கோடையில் பார்த்தால் இந்த ஆறா பாலத்தைச் சாய்த்தது என்று சந்தேகம் வரும். அலை ஒதுக்கும் மணல் முகத்துவாரத்தை அடைத்துவிட, தண்ணீர் கறுத்துத் தேங்கிக் கிடக்கும். மழைக்கு முன் பொக்லைனால் மணல் திட்டை வெட்டி வழிவிடுவது வழக்கமான வேலை. அது தாமதமானால் வெள்ளம் வடிய இடமின்றி மேலே ஏறும். கரையைத் தாண்டி வழிந்தால், மண் கரையின் பின்புறம் கரைய ஆரம்பிக்கும்.

அரிப்பின் கணக்கு விசித்திரமானது. ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால், நீர் உருட்டக்கூடிய கல்லின் எடை ஏறத்தாழ 64 மடங்காகும். வளைவுகளில் வெளிக்கரையை அறுத்து, உட்கரையில் மணலைக் கொட்டுவது ஆற்றின் குணம். சைதாப்பேட்டையிலிருந்து கோட்டூர்புரம் வரை அடையாறு வளைந்துதான் வருகிறது. ஆக்கிரமிப்பால் ஆறு ஒடுங்கினால், அதே வெள்ளம் இன்னும் வேகமாக ஓடும்.

சுவர் கட்டினால் போதாதா? சுவரின் அடிமண்ணையே தண்ணீர் தோண்டிவிடும். அதனால்தான் அடியில் கருங்கல்லைக் கொட்டுகிறார்கள். கல் நிரப்பிய கம்பிவலைக் கூடைகளை அடுக்குகிறார்கள். ஆழம் தெரியாத மணலில் கல்லை நிலைநிறுத்தும் இந்த வித்தையைக் காவிரியில் கல்லணை கட்டியவர்களிடமிருந்து கற்றதாக ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டனே ஒப்புக்கொண்டார்.

ஆனாலும் கரைக்கு முதல் காவல் சுவரல்ல, மேலே இருக்கும் மதகு. 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் நொடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டது. வழியிலுள்ள ஏரி, ஓடைகளின் நீரும் சேர்ந்துகொண்டது. ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் மூழ்கின. மழை வருமுன்பே ஏரியில் இடம் வைத்துச் சிறுகச் சிறுகத் திறந்தால், கரை தாங்க வேண்டிய வேகமும் குறையும்.

கழிமுகத்தை ஒட்டி, 2011 ஜனவரியில் திறந்த தொல்காப்பியப் பூங்காவில் 58 ஏக்கரில் ஓடையும் சதுப்பும் மீட்கப்பட்டன. அங்கே நட்ட அலையாத்திச் செடிகள் வேரால் சேற்றைப் பிடித்துக்கொள்கின்றன. இதைச் செய்ய சிமென்ட் மூட்டை எதுவும் தேவைப்படவில்லை.

அடுத்த ஐப்பசியில் உடைந்த பாலத்துப் பக்கம் போனால், மணல் திட்டு வெட்டப்பட்டுவிட்டதா என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள்.